அமர்காசோரஸின் கழுத்தை வரைதல்

அமர்காசோரஸை வரைய உட்காருபவர் கழுத்துக்கு வந்ததும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆக வேண்டும். அந்த விலங்கின் கழுத்தெலும்புகளிலிருந்து இரண்டு வரிசையாக மேலெழும் நீண்ட முட்கள் தனித்தனியாக நின்றனவா, அவற்றின்மேல் மாட்டுக் கொம்பில் இருப்பது போன்ற கடினமான உறை இருந்ததா, அல்லது தோல் அவை எல்லாவற்றையும் மூடிப் படகின் பாய்போல விரிந்து நின்றதா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் அதன் வெளிக்கோட்டைக்கூட இழுக்க முடியாது. வேறு பல டைனோசர்களை வரையும்போது, தெரியாத இடங்களை நிழலிலோ செடிகளின் பின்னாலோ ஒதுக்கிவிடலாம். இந்த விலங்கு அப்படி ஒதுங்க இடம் தருவதில்லை. அதனால்தான் பள்ளி நாட்களிலிருந்து இன்றுவரை என் சித்திரக் கொப்பிகளில் வேறெந்த விலங்கையும்விட இதுவே அதிகப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் விலங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமர்காசோரஸ் நீண்ட கழுத்தும் நான்கு தூண் போன்ற கால்களும் கொண்ட சோரோபொட் இனத்தைச் சேர்ந்த தாவர உண்ணி. இன்றைய ஆர்ஜென்டினாவில் 12 கோடி முதல் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தது. சோரோபொட் என்றதும் நம் மனதில் எழும் பேருருவம் இதற்கு இல்லை. தலை முதல் வால் நுனி வரை 9 அல்லது 10 மீற்றர் நீளமும், ஏறத்தாழ இரண்டரைத் தொன் எடையும் கொண்ட இது தன் இனத்தில் சிறியது. கழுத்தும் ஒப்பளவில் குட்டையானது. ஆனால் அந்தக் குட்டைக் கழுத்தின் ஒவ்வொரு எலும்பிலிருந்தும் ஒரு சோடி முட்கள் எழுந்து பின்னோக்கிச் சாய்கின்றன. அவற்றுள் மிக நீண்டது எட்டாவது கழுத்தெலும்பில் இருக்கிறது. அதன் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர். முதுகின் கடைசிப் பகுதியிலும் இடுப்பிலும் முட்கள் உயரமாகவே உள்ளன, ஆனால் அங்கே அவை சோடியாக இல்லை. மேல்நுனி அகன்று துடுப்பின் வடிவத்தில் முடிகின்றன. ரசிகர்களின் ஓவியங்கள் பெரும்பாலும் இந்த இடுப்புப் பகுதியை மறந்துவிடுகின்றன. கழுத்தில் கண் நின்றுவிடுவதே காரணம். நல்ல அமர்காசோரஸ் ஓவியம் எது என்று என்னைக் கேட்டால், நான் முதலில் இடுப்பைத்தான் பார்ப்பேன்.

1984 ஆம் ஆண்டு ஆர்ஜென்டினாவின் நெயுக்கேன் மாகாணத்தில், லா அமார்கா எனப்படும் பாறைப் படிவில், ஹோசே பொனபார்ட்டே தலைமையில் சென்ற குழுவைச் சேர்ந்த கியேர்மோ ரூகியே இதன் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். கண்களுக்கு மேல் கொம்புடைய கார்னோட்டோரஸ் என்ற ஊனுண்ணியும் அதே களப்பணியிலேயே வெளிவந்தது. ஒரே பயணம் உலகுக்குத் தந்த இரு கொடைகள் என்று இவற்றை நான் எப்போதும் சேர்த்தே நினைப்பதுண்டு. 1991 இல் லியொனார்டோ சல்கடோவும் பொனபார்ட்டேயும் இதற்கு அமர்காசோரஸ் கசாவுய் என்று பெயரிட்டனர். அந்த எலும்புக்கூட்டின் அருமை என்னவென்றால், மண்டையோட்டின் பின்பகுதியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்புத் தொடர் அறுபடாமல் கிடைத்ததுதான். சோரோபொட்களில் மண்டையோடு கிடைப்பதே அரிது. அது கழுத்தோடு சேர்ந்து கிடைப்பது அதனினும் அரிது. ஆகவே முட்கள் எந்த எலும்பில் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்வு என்பவற்றில் கற்பனைக்கு வேலை இல்லை. முகத்தின் முன்பகுதியும் தாடைகளும் வாலின் பெரும்பகுதியும்தான் கிடைக்கவில்லை.

எலும்பு இவ்வளவு தெளிவாக இருந்தும் அதன்மேல் இருந்த சதையும் தோலும் பற்றிய வாதம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அந்த வாதத்தை ஓவியங்களைப் பார்த்தே பின்தொடரலாம் என்பதுதான் என்னை இதில் கட்டிப்போட்ட செய்தி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த படங்களில் இரண்டு பாய்கள் கழுத்தின் இருபுறமும் நிற்கும். 1994 இல் கிரெகரி போல் இதை மறுத்தார். பாய் இருந்திருந்தால் கழுத்து வளைவது கடினமாகியிருக்கும் என்றும், முட்களின் குறுக்குவெட்டு தட்டையாக இல்லாமல் வட்டமாக இருப்பது கொம்புறைக்கே பொருந்துகிறது என்றும் அவர் வாதிட்டார். தலையைக் குனிந்தால் முன்பக்க முட்கள் எதிரியை நோக்கி நீளும், ஒன்றோடொன்று மோதி ஒலிகூட எழுப்பியிருக்கலாம் என்பதும் அவர் எண்ணம். போல் ஆய்வாளர் மட்டுமல்லர், டைனோசர் ஓவியத்தில் ஒரு தலைமுறையையே பாதித்தவர். அவருக்குப் பின் வந்த படங்களில் பாய்கள் மறைந்து, கூர்மையான கருங்கொம்புகள் வரிசையாக எழுந்தன. 2007 இல் டானியேலா ஷ்வார்ட்ஸ் குழுவினர் முட்களின் கீழ்ப்பகுதிகளுக்கு இடையே சுவாச மண்டலத்தோடு தொடர்புடைய காற்றுப்பை இருந்திருக்கலாம் என்றும், மேல்பகுதியைக் கொம்புறை மூடியிருக்கும் என்றும் முன்வைத்தபோது, அடியில் சதைப்பற்றும் நுனியில் கூர்மையும் கொண்ட ஒரு மூன்றாவது உருவம் பிறந்தது.

பிறகு 2019 இல் பஹாடாசோரஸ் வந்து சேர்ந்தது. அதே நெயுக்கேனிலிருந்து கிடைத்த, அமர்காசோரஸுக்கு மூத்த இந்த உறவினத்தின் கழுத்து முள் பின்னோக்கி அல்ல, முன்னோக்கி வளைந்திருந்தது. அந்தப் படம் உலகெங்கும் பரவிய வேகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலிபோல முன்னே நீண்ட முட்களோடு அது நிற்கும் காட்சி, டைனோசர்களைப் பற்றி ஒருபோதும் கவலைப்படாத உறவினர்களின் கைப்பேசிகளிலும் வந்து நின்றது. ஆனால் நீண்ட முள்ளோடு கிடைத்தது ஒரேயொரு கழுத்தெலும்புதான். வரிசையின் மீதியெல்லாம் அதைப் பார்த்து நிரப்பப்பட்டவை. இதை ரசிகர்கள் தெரிந்து வரைவதற்கும் தெரியாமல் வரைவதற்கும் வேறுபாடு உண்டு. தெரிந்தவர் கையில் முட்களின் நீளமும் வளைவும் படிப்படியாக மாறும். தெரியாதவர் கையில் ஒரே முள் வரிசை முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

2022 இல் இக்னாசியோ செர்தா, பெர்னாண்டோ நோவாஸ், ஹோசே லூயிஸ் கார்பயீடோ ஆகியோரோடு, 1991 இல் பெயரிட்ட அதே லியொனார்டோ சல்கடோவும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். முட்களை மெல்லிய தகடுகளாக அறுத்து, நுண்ணோக்கியில் எலும்பின் உள்ளமைப்பை அவர்கள் ஆராய்ந்தார்கள். கொம்புறை மூடிய எலும்பில் எதிர்பார்க்கக்கூடிய அடையாளங்கள் அங்கே காணப்படவில்லை. மாறாக, இரத்தக் குழாய்கள் நிறைந்த எலும்புத் திசுவும், நார்கள் எலும்புக்குள் வேரூன்றி நின்றதைக் காட்டும் தடங்களும் இருந்தன. அந்த நார்கள் ஒரு முள்ளை அடுத்த முள்ளோடு இணைத்த தசைநார்கள் என்றும், குடைக்கம்பிகளின் மேல் துணி இழுபட்டு நிற்பதைப்போல அவற்றின்மேல் தோல் பரந்து பாயாக நின்றது என்பதே கிடைத்த சான்றுக்கு மிக நெருக்கமான விளக்கம் என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள்.

இந்த முடிவு வந்தபோது ரசிகர்களிடையே ஓர் ஏமாற்றம் தெரிந்தது. அது எனக்குப் புரிகிறது. கொம்புகள் நிற்கும் கழுத்தில் ஓர் அச்சமூட்டும் அழகு உண்டு. அதைப் பார்த்தே பலர் இந்த விலங்கைக் காதலிக்கத் தொடங்கினார்கள். விளையாட்டுப் பொம்மைகளும் அந்த உருவத்தையே பெரும்பாலும் பின்பற்றின. ஆனாலும் நான் பாயின் பக்கமே நிற்கிறேன். எலும்பை அறுத்துப் பார்த்தவர்கள் சொன்னதற்கு மேல் என் விருப்பத்துக்கு இடம் தர எனக்கு மனமில்லை. அது மட்டுமல்ல, ஓவியருக்குப் பாய் தரும் வாய்ப்பு கொம்பு தருவதைவிட மிகப் பெரியது. கொம்பில் வரையக்கூடியது ஒளியும் நிழலும்தான். பாயிலோ இரத்தம் ஓடும். வெயில் பின்னாலிருந்து விழுந்தால் தோல் சிவந்து ஒளிரும். விலங்கு கழுத்தைத் திருப்பும்போது ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் சுருங்கும். இளம் விலங்கில் மங்கலாகவும் முதிர்ந்ததில் ஒளிர்வாகவும் இருக்கும் என்று நியாயமாக ஊகிக்கலாம். இரண்டு வரிசைகளையும் தனித்தனிப் பாய்களாக வரைவதா, ஒரே தோல் இரண்டையும் மூடுவதாக வரைவதா என்பதில் ஓவியர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். நான் இரண்டு பாய்களாகவே வரைகிறேன். முட்கள் கிளைபிரிந்து நிற்கும் அகலம் அதற்கே இடம் தருகிறது என்பது என் வாசிப்பு.

ரசிகர் ஓவியம் என்றால் அறிவியலின் ஓரத்தில் நடக்கும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் ஓர் உதாரணம் சொல்வது வழக்கம். சோரோபொட்களின் முதுகில் எலும்பல்லாத தோல்முட்கள் இருந்தன என்பதை 1992 இல் அறிவியல் இதழில் எழுதி நிறுவியவர் ஸ்டீபன் செர்காஸ். அவர் டைனோசர் சிற்பங்களைச் செய்தவர். அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த தோல் பதிவுகளைச் சிற்பியின் கண்ணோடு பார்த்ததால்தான் அந்த முட்கள் உடலில் எங்கே நின்றிருக்கும் என்று அவரால் கேட்க முடிந்தது. வரைபவர் எந்த இடத்தையும் வெறுமையாக விட முடியாது. கட்டுரையில் ஒரு வாக்கியத்தால் தாண்டிச் செல்லக்கூடிய பள்ளத்தைக் கடதாசியில் ஏதாவதொரு கோட்டால் நிரப்பியே ஆக வேண்டும், அந்தக் கோடு சரியா என்று அடுத்தவர் கேட்பார். கிரெகரி போலும் செர்காஸும் வரைந்ததால் கேட்டவர்கள், கேட்டதால் எழுதியவர்கள்.

கொழும்பில் இருந்துகொண்டு இந்த விலங்கை வரைபவருக்கு எலும்புக்கூடு கிட்டாது. அசல் புவனஸ் அயர்ஸின் இயற்கை அறிவியல் நூதனசாலைக்கு உரியது. அதன் வார்ப்பு ஒன்று மெல்பேர்ன் நூதனசாலையில் நிற்கிறது. அங்கே வாழும் என் மைத்துனர் பல கோணங்களில் எடுத்து அனுப்பிய படங்கள்தான் என் மேசையில் இருக்கின்றன. ஆனால் தோலுக்கும் நிறத்துக்கும் அசைவுக்கும் நாம் எங்கேயும் போகத் தேவையில்லை. வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் வெயில் காயும் கபரகொய்யாவின் கழுத்தில் தோல் மடியும் விதத்தை ஒரு பிற்பகல் முழுவதும் பார்த்திருங்கள். பெரிய ஊர்வன கழுத்தைத் திருப்பும்போது செதில்களின் வரிசை எங்கே நெருங்கி எங்கே விலகுகிறது என்பது அங்கே விரிவாகக் கிடைக்கும். வேலியில் ஏறி நிற்கும் பச்சை ஓணானின் முதுகுக் கொண்டை எப்படிக் கழுத்தில் உயர்ந்து வாலை நோக்கித் தணிகிறது என்று பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கின்றன. உடல் பச்சையாகவே இருக்கிறது. காட்டிக்கொள்ளும் உறுப்பு மட்டும் நிறம் கொள்ளும், மற்ற உடல் சூழலோடு ஒன்றும் என்ற இந்த ஒழுங்கையே என் அமர்காசோரஸுக்கும் எடுத்துக்கொண்டேன். உடல் வறண்ட மண்ணின் பழுப்பு. பாயின் மேல்விளிம்பு மட்டும் செம்மஞ்சள்.

யானை நமக்கு ஒரே நேரத்தில் உதவியும் இடையூறும் ஆகிறது. பெப்ரவரியில் கங்காராம விகாரையின் நவம் பெரஹெரா வரும்போது, கனமான உடல் நான்கு கால்களில் எப்படி எடையை மாற்றி நடக்கிறது என்பதைக் கொழும்புப் பிள்ளைகள் தெருவோரத்தில் நின்றே கற்றுக்கொள்கிறார்கள். அந்த நடையின் நிதானம் அவர்கள் வரையும் சோரோபொட்களில் தெரிகிறது. பாதத்துக்கு வரும்போதுதான் சிக்கல். யானையின் பாதத்தில் நகங்கள் வரிசையாக உண்டு. அதைப் பார்த்துப் பழகிய கை சோரோபொட்டின் முன்பாதத்திலும் நகங்களை வரிசையாக இட்டுவிடுகிறது. உண்மையில் இந்த இனத்தின் முன்பாதத்தில் எலும்புகள் குதிரைலாட வடிவத்தில் செங்குத்தாக அடுக்கப்பட்டு, பின்புறம் குழிவாக இருக்கும். பெருவிரலில் மட்டுமே ஒரு நகம். கடைகளில் விற்கும் பொம்மைகள் பலவற்றிலும் இந்தப் பாதம் யானையின் பாதமாகவே வார்க்கப்பட்டிருப்பதால், அவற்றைப் பார்த்து வரைவதைவிட எலும்புப் படத்தைப் பார்த்து வரைவதே நல்லது என்று என்னிடம் வாரவிடுமுறையில் சித்திரம் பழக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி, எலும்புப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "மிஸ், இது முள்ளா, செட்டையா?" என்று கேட்டாள். ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கேட்ட கேள்வியை அவள் முதல் பார்வையிலேயே கேட்டுவிட்டாள். நான் விடையை உடனே சொல்லவில்லை. மேசைக்கு மேசை இரண்டு கட்சிகளும் உருவாயின. முள் என்று சொன்ன பையன் முள்ளம்பன்றியைக் காட்டினான். செட்டை என்று சொன்னவள் மீனைக் காட்டினாள். பிறகு எலும்பை அறுத்துப் பார்த்த கதையை எளிமையாகச் சொன்னேன். பையன் தன் முட்களை அழிக்கவில்லை. அவற்றுக்கு இடையே தோலை வரைந்து சேர்த்தான். அடியில் இருந்த பென்சில் கோடுகள் நீர்வர்ணத்தின் ஊடாகத் தெரிந்ததில், முட்களின் மேல் தோல் இறுகி நிற்பது மிக இயல்பாக வந்திருந்தது. அந்தப் படத்தை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கலாபொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை நடக்கும்போது கொழும்பின் பசுமைப் பாதையில் விரித்து வைக்கப்படும் ஓவியங்களுக்கு நடுவே, ஒருநாள் இப்படியான படங்களும் வரிசையாக நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்த நாட்டுக்கும் டைனோசர் ஓவியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கையின் பெரும்பகுதி டைனோசர்களுக்கு மிக முற்பட்ட உருமாறிய பாறைகளால் ஆனது. அங்கே எலும்பைத் தேடிப் பயனில்லை. புத்தளம் பக்கத்தில் தப்போவவிலும் ஆண்டிகமவிலும் ஜுராசிக் காலப் படிவுகள் சிறிதளவு உண்டு, அவற்றில் தாவரப் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. சோரோபொட் மேய்ந்திருக்கக்கூடிய காலத்துச் செடிகள் அவை. நான் பின்னணி வரையும்போது அந்தச் செடிகளின் படங்களையே முன்னால் வைத்துக்கொள்கிறேன். மேலும், அழிந்த விலங்குகளை ஆராயும் மரபு இங்கே புதிதல்ல. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, இரத்தினபுரியின் மாணிக்கக் கல் படிவுகளிலிருந்து இன்று இங்கே இல்லாத நீர்யானையையும் காண்டாமிருகத்தையும் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவருடைய சகோதரர் ஜஸ்டின் தெரணியகல 1943 இல் கொழும்பில் தோன்றிய 43 குழுவின் ஓவியர். ஒரே வீட்டில் ஒருவர் எலும்பையும் மற்றவர் தூரிகையையும் எடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றுகிறது.

இன்னும் நெருக்கமான தொடர்பு 2023 இல் கிடைத்தது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கு அருகே, சுமார் 16 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் பழைமையான பாறையில் கிடைத்த ஒரு சோரோபொட்டுக்குத் தாரோசோரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். அது அமர்காசோரஸின் குடும்பமான டைக்ரியோசோரிட்களைச் சேர்ந்தது என்றும், அந்தக் குடும்பத்தில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது என்றும் ஆய்வாளர்கள் வகைப்படுத்தினார்கள். தான்சானியாவின் டைக்ரியோசோரஸுக்கும் ஆர்ஜென்டினாவின் அமர்காசோரஸுக்கும் முன்னால் அந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினர் இந்தியத் தட்டில் நடந்திருக்கிறது. அப்போது இலங்கையும் அதே கொண்டுவானாப் பெருநிலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்தது. தாரோசோரஸின் கால்தடம் இங்கே பதிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை வரையும் உரிமை நமக்கு யாரிடமும் கடன் வாங்கியதல்ல.

ஆகவே அடுத்து நான் எடுத்திருப்பது தாரோசோரஸ். கிடைத்தவை சில கழுத்து, முதுகு, வால் எலும்புகளும் ஒரு விலா எலும்பும்தான். முகத்துக்குப் பஹாடாசோரஸின் மண்டையோட்டையும், உடலின் அளவுக்கு டைக்ரியோசோரஸையும் துணைக்கு வைத்திருக்கிறேன். அமர்காசோரஸில் கண்ட அந்த உயரமான பாயை இந்த மூத்த உறவினத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்று கை துடிக்கிறது. அதற்குச் சான்று இல்லாததால், கழுத்தின் மேல் ஒரு தாழ்ந்த மேடு மட்டும் வரைந்திருக்கிறேன். செடிகள் தப்போவவிலிருந்து வந்தவை. நிறம் இன்னும் முடிவாகவில்லை.